ஒரு குழி பதம்

பகாவ் சந்தையடியில் நாசி லெமாக் பொட்டலத்தை
நான் பிரிக்கும் முன்பே உருளை ஓடத் தொடங்கிவிட்டது.
பத்து டன். அது அதிரும்போதெல்லாம்
கடைக் கண்ணாடி ஜாடிக்குள் முறுக்குகள்
கொஞ்சம் நகர்ந்து உட்காருகின்றன.

என் வேலை சின்னது.
நடுவில் வட்டம் வெட்டிய இரும்புத் தகடு,
உளி, கரண்டி, மூடி போட்ட டின், தராசு,
காய்ந்த மணல் ஆறு கிலோ.
இறுக்கிய மண்ணில் ஒரு சாண் தோண்டுவேன்.
தோண்டியதை ஒரு பொடி சிந்தாமல் நிறுப்பேன்.
பிறகு குழிக்குள் மணலைத் திறந்துவிடுவேன்.
எவ்வளவு குடிக்கிறதோ அதுதான் குழியின் அளவு.
சோற்றுப் பானைக் கணக்குதான்:
இத்தனை சதுர மீட்டருக்கு
ஒரு குழி பதம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேண்டும்.
பள்ளியில் நான் எதிலும் வாங்காத எண்.
அந்த நூறு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது:
ஐந்து அடுக்கு, அடுக்குக்கு இருபத்தேழு அடி,
நாலரைக் கிலோ சம்மட்டி.
ஈரம் குறைந்தால் மண் மண்ணோடு சேராது.
கூடினால் தண்ணீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும்;
எவ்வளவு அடித்தாலும் ரப்பர் மாதிரி நெளியும்.
இந்தச் செம்மண்ணுக்குப் பதம் பதினாறு.

பதினாலு முன்னூற்று இருபதில் குழி தேறவில்லை.
எண்பத்தொன்பது.
மறுபடி உருட்டினார்கள். ரொபியுல்
இஞ்சினை அணைக்காமலே என் முகத்தைப் பார்த்தான்.
எண்பத்தெட்டு.
உருட்ட உருட்டக் குறைகிற மண்.

மண்டோர் குணாளன் என் குடைக்குள் வந்து நின்றார்.
"மழைக்கு முன்னே மூடணும் தங்கச்சி.
ஏழு எண்தானே, எழுதிடேன்.
நெஞ்சுல கொஞ்சம்கூட ஈரம் இல்லையா?"
ஈரம்தான் அண்ணே சிக்கல், என்றேன். இருபத்திரண்டு.
கார்பைடு போட்டுக் குலுக்கிய குடுவையை
அவர் மூக்கருகே திறந்தேன்.
பெருநாள் மூங்கில் பீரங்கியின் வாடை.
சிரித்துவிட்டார்.
பிறகு பேக்கோவைக் கூப்பிட்டபோது சிரிக்கவில்லை.

அரை மீட்டருக்குக் கீழே கறுப்பு.
மூடியதாக யாரோ கணக்கு எழுதிய தோட்டத்து வாய்க்கால்.
மட்டை, உரச் சாக்கு, ஒற்றை ரப்பர் பூட்ஸ்.
தண்ணீருக்கு யாரும் சொல்லவில்லை போலும்,
அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

காயட்டும் என்று விட்டுவிட்டு
முன்னால் இருந்த வெற்று நிலத்துக்குப் போனேன்.
இன்னும் எந்த உருளையும் வராத இடம்.
வரைபடத்தில் பெயரில்லை. பெரட்டுக் களம், என்றார் குணாளன்.
விடிவதற்குள் ஆள் எண்ணும் இடம்.
உளி துள்ளித் திரும்பியது. ஒரு சாண் தோண்ட
முக்கால் மணி நேரம், இரண்டு கொப்புளம்.
அதே குன்றின் செம்மண்தான், நிறம் சொன்னது.
தொண்ணூற்றெட்டு.
தராசைத் துடைத்து மறுபடி நிறுத்தேன். தொண்ணூற்றெட்டு.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது:
உருளை ஓட்டங்கள், எத்தனை?
பேனாவை மூடித் திறந்தேன்.
ஒரு கோடு போட்டேன்.
இஞ்சினியர் ஹல்மி அதைப் பார்த்து
புருவத்தைத் தூக்கினார்; கேட்கவில்லை.
மேல்மண்ணைச் சீவி எடுத்துவிட வேண்டும்,
எண் எதுவானாலும் விதி அதுதான்.
மாலைக்குள் பேக்கோ பல் உரசி உரசி
அதைத் தகடு தகடாகப் பெயர்த்தது.

மூன்று மணி மழை மூன்று நாளும் வந்தது.
வாய்க்கால் இருந்த இடத்தில் கல் நிரப்பி,
குழாய் புதைத்து, மண் மாற்றி,
அடுத்த வியாழன் தொண்ணூற்றைந்து புள்ளி இரண்டு.
ரொபியுல் ஹார்னை நீளமாக அடித்தான்.
குணாளன் எனக்கு ஒரு மைலோ ஐஸ் வாங்கித் தந்தார்,
காசைத் தரமாட்டேன் என்று நான் சொல்லும்வரை காத்திருக்காமல்.

தேறின குழியானாலும் குழி குழிதான்.
நான் போன பிறகு லோரிகள் அதன்மேல் போகும்.
அதனால் கிளம்பும் முன் மண்ணை அள்ளிப் போட்டு
கொஞ்சம் சிமெண்டு தூவி
என் பூட்ஸ் குதியால் மிதிக்கிறேன்,
இருபது, முப்பது மிதி, மூச்சு வாங்கும்வரை.
நெடுஞ்சாலை நெடுக அந்த ஒரு சாண் மட்டும்
யாரும் நிறுக்காதது.