குறைந்து செல்லும் மீதி

பத்தாம் ஆண்டின் இரண்டு பிரிவுகளையும்
ஒரே மண்டபத்தில் இருத்தியிருந்தார்கள்.
எண்பது உண்டியல்கள் கொண்டுவந்திருந்தேன்,
பச்சை பிளாஸ்டிக், வயிற்றில் வங்கியின் பெயர்.
பரந்தனிலிருந்து விசுவமடு வரைக்கும்
பஸ்ஸின் பின்சீற்றில்
ஒன்றையொன்று இடித்தபடியே வந்தன.

முதலில் தேவை, விருப்பம்.
தாளை மடித்து நடுவில் கோடு போடச் சொன்னேன்.
தேவைப் பக்கம் அரிசி, கொப்பி, சப்பாத்து.
விருப்பப் பக்கத்தில் டனுசன்
‘கிணத்துக்கு மோட்டர்’ என்று எழுதியிருந்தான்.
திருத்தப் போன பேனையை
திரும்பச் சட்டைப் பையில் செருகினேன்.

கடனைப் பற்றி நான் தொடங்கவேயில்லை,
அவர்களாகவே சொன்னார்கள்:
செவ்வாய் ஒருத்தர், வியாழன் ரெண்டு பேர்.
மோட்டார் சைக்கிள் சத்தத்திலேயே
எந்தக் கொம்பனி என்று பிடித்துவிடுவார்களாம்.
‘அம்மா தோட்டத்துக்குப் போட்டா’ என்பதை
ஆறு வயதிலேயே பிசகாமல் சொன்னவன்
முன்வரிசையில் இருந்து சிரித்தான்.

நிதுர்சிகா எழும்பினாள்.
‘ஐம்பதினாயிரம் சேர். கிழமைக்கு ஆயிரத்து முந்நூறு.
ஐம்பத்திரண்டு கிழமை. வட்டி எவ்வளவு?’
முப்பத்தைந்து வீதம், என்றேன் உடனே.
துண்டுப்பிரசுரத்தில் உள்ள கணக்கு அது.

‘ஒவ்வொரு கிழமையும் முதல் குறையுதெல்லே?
கட்டி முடிச்ச காசுக்கும் ஏன் சேர் வட்டி?’

வெண்கட்டியை அவளே எடுத்தாள்.
குறைந்து செல்லும் மீதி, போன தவணைப் பாடம்.
கிழமை கிழமையாகக் கூட்டினாள்,
வெண்கட்டி ஒருமுறை முறிந்தது,
பலகையின் கரையில் இடம் போதாமல்
கடைசி விடையைச் சரித்து எழுதினாள்.
அறுபதைத் தாண்டியிருந்தது.

எனக்குத் தெரியும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே
மேலாளர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னது:
தவணையைச் சொல்லு தம்பி,
வீதத்தை அவை கேட்டால் பாப்பம்.
ஒன்பது வருசம். ஒருவரும் கேட்கவில்லை.

பின்வரிசையில் புவனலோஜினி ரீச்சர்
வரவுப் பதிவேட்டின் மட்டையில்
அதே கணக்கை, வேறு இலக்கங்களோடு
போட்டுக்கொண்டிருந்தா.
இரண்டு தரம் வெட்டினா.
பிறகு மட்டையைக் கவிழ்த்து வைத்தா.

உண்டியல்களைக் கொடுத்தேன்.
நிதுர்சிகா குலுக்கிப் பார்த்தாள்,
கவிழ்த்து, அடியிலிருந்த பூட்டைப் பார்த்தாள்.
‘திறப்பு ஆரிட்ட சேர்?’
வங்கியில், என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
அழிதுணியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள்.

‘அழிக்காதையும்’ என்றா ரீச்சர்.
‘ரெண்டு மணிக்கு இஞ்சதான் பெற்றார் கூட்டம்.’