கையொப்பம் தேவையில்லை

வீடு பார்க்கப் போன அன்று
செருப்புகளைக் கழற்றி ஒரே கோட்டில் வைத்தோம்,
நன்னடத்தைச் சான்றிதழ் போல.
முகவர் டெஸ்மண்ட் ஆங் தயங்கித்தான் கேட்டார்,
கேட்கச் சொன்னார்கள் என்கிற குரலில்:
சமையல் கனமா, லேசா?

பரிதி என்னைப் பார்த்தான்.
பதினொரு வருடமாக இந்த ஊரில்
மற்றவர்களின் கணக்கில் பொய் தேடுவது என் வேலை.
லேசு, என்றேன்.
நான் சொன்ன பொய்களிலேயே
கடுகு வாசம் அடித்தது அதுதான்.

உட்லண்ட்சில் விற்றுவிட்ட வீட்டுக்கும்
தெங்காவில் பதினான்காம் மாடி உயரத்தில்
இன்னும் வெறும் காற்றாக நிற்கும் வீட்டுக்கும் நடுவே
இரண்டு வருடம்.
மிருதுவின் பள்ளிக்கு நானூறு மீட்டர்.
வாடகை, என் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

சிராங்கூன் கார்டன்ஸ் என்றதும்
"தேக்கா பக்கமா? பூ வாங்க வசதி" என்றாள்
அலுவலகத்து அமிர்தவல்லி.
பெயரில்தான் சிராங்கூன்.
இங்கே யாரும் பூ வாங்குவதில்லை,
பூக்க வைக்க ஆள் வருகிறார்கள், செவ்வாயும் வெள்ளியும்.
ஞாயிறு மாலையில்கூடக் கேட்பது
ஒரு கேட் தானாக நகரும் ஓசை,
பிறகு அது மூடும் ஓசை.
அதற்கப்புறம்
நம் வீட்டுக் குளிர்பெட்டி மூச்சு விடுவது
நமக்கே கூச்சமாக இருக்கும்.

ஒப்பந்தம் இருபத்து மூன்று பக்கம்.
பக்கத்துக்கொரு கையொப்பம், கீழே மூலையில்.
பொருள் பட்டியலில்
குளிர்சாதனம் ஐந்து,
சாளரத்தருகே கீறல் விழுந்த பளிங்குக் கல் ஒன்று,
மாமரம் ஒன்று. காய் உரிமையாளருக்கு.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
அதனால் முருகன்
துணி அலமாரியில், பரிதியின் கோட்டுக்கும்
என் பட்டுப் புடவைக்கும் இடையில் நிற்கிறார்.
கதவைத் திறந்தால் விளக்கு எரியும் அலமாரி.
அவருக்கு அது போதும் என்று
நானே முடிவு செய்துகொண்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் குயில் கத்தும்.
கூவும் என்றுதான் பள்ளியில் எழுதி
மதிப்பெண் வாங்கினேன்.
இங்கே கத்தும்.
படிப்படியாகச் சுருதி ஏற்றி
உச்சிப் படியில் கால் தடுக்கி
திரும்ப முதல் படியிலிருந்து.
அதே மாமரம்.
பட்டியலில் குயில் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் எட்டாம் எண் வீட்டு டிசூசா வந்தார்,
அட்டையில் கவ்விய தாளோடு.
பறவைத் தொல்லை, மேலிடத்துக்கு மனு.
முப்பத்தொரு கையொப்பம் இருந்தது.
பேனாவை என்னிடம் நீட்டியபடியே கேட்டார்:
சொந்த வீடா?
வாடகை, என்றேன்.
பேனா பாதி வழியில் நின்றது.
"ஓ, அப்படியென்றால் வேண்டாம், வேண்டாம்."
எனக்கொரு சிரமத்தைக் குறைத்துவிட்டவர் போல
அன்பாகத்தான் சொன்னார்.
பேனாவை மூடினார்.
"உங்களுக்கும் தூக்கம் கெடுமே?"
நாங்கள் எப்படியும் ஐந்துக்கு எழுபவர்கள், என்றேன்.
அது பொய்யில்லை.

காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப்
போய்விடும் சங்கதியை அவரிடம் எடுக்கவில்லை.
முன்பணம் கிடையாது, முத்திரைத் தீர்வை கிடையாது,
கனமா லேசா என்று காக்கை கேட்டதாகவும் தெரியவில்லை.
ஆனாலும் முப்பத்தொரு பேர்
தூக்கம் கலைந்து அதன் பெயரைச் சொல்கிறார்கள்.
எங்கள் பெயர்
தபால்காரருக்கு மட்டும் தெரியும், அதுவும் தப்பாக.

நேற்று மிருது ஒரு மாங்காயோடு வந்தாள்.
கீழே கிடந்ததாம். ஒரு பக்கம் ஆழமாய்க் கொத்தல்.
"காய் அவங்களோடது.
குருவி தின்ன பாதி யாரோடது, அம்மா?"
குருவி இல்லை, குயில், என்றேன்.
அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை.
ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கலாம்தான்.
கொத்திய இடத்தைச் சுற்றிச் சீவி எறிந்தேன்.
மீதியைக் கீற்றுப் போட்டு
உப்பு. மிளகாய்த்தூள்,
கொஞ்சம் கனமாகவே.