பத்தொன்பதாம் மூச்சு

குவோப்பியோவில் பிப்ரவரி.
ஏரி இறுகிக் கிடக்கிறது, மேலே கார்கள் போகின்றன.
ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் அளந்து வைத்த ஈரம்:
கூடினால் தூள் கட்டிப்படும்,
குறைந்தால் மின்னேறிச் சுவரில் அப்பும்.

ஹில்க்கா ரௌத்தியோ
உலோகத் தொண்டையைப் பொருத்துகிறாள்.
செங்கோணத்தில் வளைந்த தொண்டை.
இருமாது, விக்காது,
பேசுவதற்கு முன் கனைத்துக்கொள்ளாது.
அதன் கீழே ஏழு கிண்ணங்கள்.
பருத்த துகள் முதலிலேயே மோதி விழும்,
நுண்ணியது வளைவுக்கு வளைவு தப்பிப் போகும்.
ஐந்து மைக்ரானுக்குக் கீழே என்றால்
நுரையீரலுக்குப் போனதாகக் கணக்கு.
கணக்குதான்.

மூச்சுக்கு முந்நூறு தரம் என்பார்கள்.
இங்கே ஒரு மூச்சுக்கு அரை நாள்.
உறிஞ்ச நான்கு நொடி;
கழுவ, குலுக்க, வடிக்க, அளக்க
மதியம் ஆகிவிடும்.

பம்பு இழுக்கும் மூச்சில் பழுதே இல்லை.
நிமிடத்துக்கு அறுபது லிட்டர் வேகம்,
தொடங்கியதுமே உச்சம்,
உச்சத்திலேயே நின்று சட்டென்று அறுபடும்.
அப்படி மூச்சிழுக்கிற ஆளை
அவள் சந்தித்ததில்லை.
இன்ஹேலர் தேறியது.

பிறகு மருத்துவமனையிலிருந்து முப்பது மூச்சுகள் வந்தன,
கோடுகளாக, பெயரில்லாமல்.
பத்தொன்பதாவது: ஆண், எழுபத்தொன்று.
தயங்கித் தயங்கி ஏறுகிறது,
படியில் கால் இடறினாற்போல் நடுவில் ஒரு முண்டு,
முப்பதைத் தொட்டுவிட்டுச் சரிகிறது.

அந்தக் கோட்டை இயந்திரத்துக்கு ஊட்டினாள்.
பிஸ்டன் அவரைப் போலவே திணறியது.
கழுவிப் பார்த்தால்
முக்கால்வாசி மருந்து தொண்டையிலேயே,
லாக்டோஸை விடாமல் கட்டிக்கொண்டு.
கடைசிக் கிண்ணங்களில் பேருக்குக்கூட இல்லை.
மூன்று தரம் செய்தாள்.
மூன்று தரமும்.

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று
கையெழுத்துப் போட்ட வேலை.

சனிக்கிழமை, கடையில்
காலி டப்பாக்களைத் திருப்பிப் போடும் இயந்திரத்தின் முன் வரிசை.
முன்னால் ஒரு கம்பளித் தொப்பி, இரண்டு பை பியர் டப்பா.
அவர் நின்று, ஊதா மூடியைத் திருகி,
முதலில் அதற்குள்ளேயே ஊதினார்
(ஐயோ, ஈரம்)
பிறகு இழுத்தார்.

தயக்கம். ஏற்றம். முண்டு. சரிவு.

திரையில் பார்த்த கோடு காதில் விழுந்தது.
இல்லாமலும் இருக்கலாம்,
ஊரில் இப்படி எத்தனையோ நெஞ்சுகள்.

"மன்னியுங்கள்" என்றாள்.
முன்பின் தெரியாதவரிடம் அவள் பேசி
ஆறு மாதம் இருக்கும்.
"வெளியே விடும்போது முகத்தைத் திருப்பிக்குங்க.
அப்புறம் வேகமா இழுங்க, முதல் நொடியிலேயே."

அவர் கருவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.
"வேகம் இருந்தா
இதை எதுக்கு வாங்கறேன்?"

இயந்திரம் ஒரு டப்பாவை விழுங்கி நசுக்கியது.

திங்கட்கிழமை அறிக்கையில்
'தேறியது' என்ற வரிக்குக் கீழே
அவர் கேட்டதை எழுதிப் பார்த்தாள்.
அலுவலக நடையில் அது உட்காரவில்லை.
அழித்தாள்.
அப்படியே மேற்கோள் குறிக்குள் வைத்தாள்.
மேலாளர் பார்வியாய்னென் வெட்டுவார்.
வெட்டட்டும்.

தொண்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு
கழுவப் போனாள்.