மாறித் தைத்த பிரதி

தார்த்து நகரத்து அச்சகம். புகார்ப் பிரிவில்
எனக்கொரு மேசை, ஒரு முத்திரை,
ஜன்னலுக்கு வெளியே உறைந்த ஆறு.

பிப்ரவரியில் வோருவிலிருந்து ஒரு பார்சல்.
மூன்றாம் வகுப்புப் பாடநூல், பிரதி ஒன்று.
‘தையலில் பிழை. மாற்றித் தரவும்.’

மாவாலைக்கார யாகுப்பின் கதை.
சிந்திய மணி பொறுக்கிக் குருவிக்குப் போடும்
சிறுவனாகத் தொடங்கி,
மரக்காலின் அடியில் மெழுகு பூசப் பழகி,
கடைசியில் தன் ஆலைக்குளத்தின்
பனி பிளந்து மூழ்கிப்போகிறான்.
கீழே தடித்த எழுத்தில்:
அளவில் பொய்த்தவனை ஆழம் அளக்கும்.

இந்தப் பிரதியில்
எடுத்த எடுப்பிலேயே பனி பிளக்கிறது.
தடித்த வரி
யாருக்கென்று தெரியாமல் அங்கேயே நிற்கிறது.
பிறகு மெழுகு. பிறகு மூட்டைகள்.
இத்தனையும் யாருக்கு என்று மனைவி கேட்டபோது அவன்

என்று பக்கம் முடிய,
புரட்டினால்
குருவிகள் தின்பதையே பார்த்தபடி நின்றான்.

ஏழு வயது. விரித்த வெறுங்கை.
அதற்குமேல் பின்னட்டைதான்.

ஆசிரியை எழுதியிருந்தார்:
‘இந்தப் பிரதி லீவி என்ற மாணவிக்குப் போயிருக்கிறது.
நீதி என்ன என்ற கேள்விக்கு
அவள் எழுதியதை இணைத்துள்ளேன்.
தவறு அவளுடையதல்ல.’

பென்சில் எழுத்து, அழித்து அழித்து:
அவன் செத்ததை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.
அதனால் பயமில்லை.
மெழுகு பூசும்போது மட்டும்
யாராவது அவனை வெளியே கூப்பிட மாட்டார்களா
என்று இருந்தது.

முத்திரையைக் கையில் எடுத்தேன். கீழே வைத்தேன்.

என் தம்பி உர்மாஸின் கதையை
எங்கள் வீட்டில் சிறையில்தான் முடிப்போம்.
அங்கிருந்து பின்னோக்கிப் பார்த்தால்
ஆறு வயதில் என் மிட்டாயைத் திருடியதுகூட
சாட்சிக் கூண்டில் ஏறிவிடும்.
பாதி கடித்ததும் மனம் கேட்காமல்
என் தலையணைக்கடியில் திருப்பி வைத்தானே,
அந்தத் தாள் மட்டும்
எந்தத் தையலிலும் நிற்காமல் உதிரும்.

இருக்கட்டும்.
அவன் மண்டையில் அடித்துப் பறித்த
அந்த டாக்சிக்காரருக்கு
எந்தப் பக்கத்திலிருந்து படித்துக் காட்டுவேன்?
மரக்கால் குறைந்த வீடுகளில்
அன்றிரவு என்ன சமைத்தார்கள் என்பது
சரியான பிரதியிலும் இல்லை,
பிழைப்பிரதியிலும் இல்லை.

வோருவுக்குப் புதுப் புத்தகம் போயிற்று.
லீவியின் தாளைத் திருப்பி அனுப்பவில்லை.
பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
‘வரிசை’ என்று எழுதினேன்.

வெளியே, உறைந்த ஆற்றின்மேல்
யாரோ ஒருவர் குறுக்கே நடந்துகொண்டிருந்தார்.
கரையேறும்வரை
பேனாவை மூடவில்லை.