மொழிமுதல்

டோக்கன் ஜன்னலில் பெயர் கேட்டார்கள்.
ஙுன் சுய் என்றாள்.
நுன்?
ஙுன்.
நூன், என்று தட்டிவிட்டார் கணினிக்காரர்.
அடுத்த ஆள் ஏற்கெனவே என் முதுகில் சாய்ந்திருந்தார்.

ஹரி நகர் அரசு மருத்துவமனை, சனிக்கிழமை.
ஐந்தரைக்கே வரிசை கேட்டைத் தாண்டி
ஜூஸ் கடை வரை வந்துவிட்டது.
விகாஸ்புரியிலிருந்து ஷேர் ஆட்டோவில்
மூன்று பேர் சீட்டில் ஐந்து பேராக வந்திருந்தோம்.
அவள் கையில் அகதி அட்டை, பிளாஸ்டிக் உறையில்,
அந்த உறை இன்னோர் உறையில்.
ஆதார்? என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர்.
இதுதான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து
அட்டை ஆண்பாலா பெண்பாலா என்று இந்தியில் தடுக்கி விழுந்தேன்,
பதினோரு வருடமாகத் தடுக்கி விழும் அதே படி.
அவர் சிரித்துவிட்டார்.
சிரித்ததால்தான் சீட்டுக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.
மொழிபெயர்ப்பாளர் என்று என் கழுத்தில் ஒரு பட்டை தொங்கியது.

அவளுக்கு வலது தோளில் வலி.
ஜாக்கெட் தைக்கும் பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம்,
இரவுச் சந்தை கலைந்த பிறகு
மிதிபடாத கோசு, பாதி நல்ல தக்காளி பொறுக்க ஒரு மணி நேரம்.
டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று
ஆட்டோவில் எங்கள் உடைந்த ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தோம்.
பொறுக்குவதற்கு இந்தியில் என்ன, எனக்குத் தெரியவில்லை.
அவளுக்குத் தெரிந்திருந்தது.

பத்து மணிக்கு நான் டீ வாங்கப் போனேன்.
அந்த நேரம் பார்த்துக் கம்பவுண்டர்
நூன், நூன், நூன் என்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்.
அவள் அங்கேயேதான் இருந்தாள், கதவுக்கு நேர் எதிரே,
யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று
தானும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

இரண்டு டீயும் ஆறிப்போயின.
அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்றார்கள்.
தொண்டர் பதிவேட்டில் நான் எழுதவேண்டிய வரி:
நோயாளியுடன் சென்றேன்.
எழுதினேன். பொய்யில்லை.

இரவு தூக்கம் வரவில்லை.
ங.
சிலேட்டில் எத்தனை முறை எழுதியிருப்பேன்.
க-வுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது,
அதற்கென்று ஒரு சொல் கிடையாது.
படம் போட்ட எழுத்து அட்டையில் அந்தக் கட்டத்துக்கு மட்டும்
சங்கைக் கடன் வாங்கியிருந்தார்கள்.
ஙா, ஙி, ஙீ என்று வரிசை முழுக்க ஒப்பித்தோம்,
எதற்கென்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.
மனுவின் அடியில் இங்ஙனம் என்று எழுதும்போதும்
அது நடுவில்தான், முன்னே நிற்பதன் தோளைப் பிடித்துக்கொண்டு.
சொல்லுக்கு முதலில் வராது,
படித்தது அப்படித்தான், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.
நாற்பத்து நான்கு வயதில், மேற்கு டெல்லியில்,
ஒருத்தியின் பெயர் அதில் தொடங்குகிறது.

மறு சனிக்கிழமை நான் டீ வாங்கப் போகவில்லை.
கம்பவுண்டரிடம் போய் நின்றேன்.
நூன் இல்லை, ஙுன்.
நாக்கு நுனி பல்லைத் தொடக்கூடாது, அடிநாக்கு மேலே ஒட்ட வேண்டும்.
அவர் சாப்ராக்காரர்.
நூன் என்றால் எங்கள் பக்கம் உப்பு,
பெண்ணுக்கு யாராவது உப்பென்று பெயர் வைப்பார்களா என்றார்.
அவளிடம் சொன்னேன்.
எங்கள் பக்கம் வெள்ளி என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
உப்பும் சரிதான், அது வீட்டில் இருக்கிறது.

பதினொன்றே காலுக்குக் கதவு திறந்தது.
கம்பவுண்டர் சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
கண்ணை இடுக்கிக்கொண்டு முயன்றார்:
ங்... ங்ஙு...
கூடம் முழுக்கத் திரும்பியது, இருமல்கூட நின்றது.
பெயர் முடியும்வரை காத்திராமல்
அவள் எழுந்துவிட்டாள்,
வலிக்காத கையில் உறையோடு.

உள்ளே இரண்டு நிமிடம்.
பொறுக்குவதை அவளே சொன்னாள்.
ஆறு வாரம் ஓய்வு என்றார் டாக்டர், என்னைப் பார்த்து.
அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
மொழிபெயர்க்காமல் நின்றேன்.