நாலு பத்து

செவ்வாய் பின்னேரம் நாலு பத்துக்கு
அமலதாஸ் கடைசிக் குச்சியை எரித்து முடித்தான்.
நேரத்தைச் சோக்கால் கலனின் வயிற்றில் எழுதினேன்.
பரந்தன் சந்தியில் நின்று பார்த்தால்
தகரக் கொட்டிலுக்குள் யானை படுத்திருப்பது போலிருக்கும்.
அரிசி ஆலைக்கு நீராவிக் கலன்.
கணக்குக் கேட்ட தடிப்பு பதினாறு மில்லிமீற்றர்,
கொழும்பில் மலிவாய்க் கிடைத்தது நாற்பது.
மலிவுக்கு இனி
நெருப்பில் வட்டி கட்டவேண்டும்.

புதன் காலை கனகேந்திரம் வந்தார்.
"வெட்டு மெசின் வயலுக்குள்ளை இறங்கிட்டுது,
இண்டைக்கே பாத்து இண்டைக்கே சூடு காட்டுங்கோ."
அவருக்காகப் பார்த்தேன்.
சிவப்புச் சாயம். துடைப்பு. வெள்ளைப் பூச்சு. இருபது நிமிடம்.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
"பேந்தென்ன?" பேனாவை நீட்டினார்.
நாளைக்கு, நாலு பத்துக்கு என்றேன்.
"நாளைக்கு மட்டும் என்ன புதுசா முளைக்கப்போகுது?"

முளைக்கும்.
ஈரக் குச்சியிலிருந்து உருகலுக்குள் இறங்கிய ஐதரசன்
இரும்பு ஆறிய பிறகுதான் நடமாடத் தொடங்கும்,
இறுக்கம் கூடிய மூலை பார்த்துக் குந்தும்.
சூடு காட்டினால் இறுக்கம் தளரும், மெய்தான்,
பிளந்தது ஒட்டாது.
சூட்டுக்குப் பிறகு கண்டால்
அராவி, ஒட்டி, அடியிலிருந்து திரும்பவும் சூடு.
இதை அவருக்கு டீசல் லீற்றரில் சொன்னேன்.
விளங்கியது.

வியாழன், நாலு பத்து.
மேல்வாய்க் குழாயின் அடியில்
வெள்ளையைத் துளைத்துக்கொண்டு சிவப்பு,
ஒரு நகத்தளவு.
அமலதாஸ் குனிந்து பார்த்தான்.
"நேற்று இல்லை."
நேற்று இல்லை.

முட்கம்பிக்குள் வந்த இரண்டாம் நாள்
ஒரு பிள்ளை படிவத்தோடு என் முன்னால் குந்தினாள்.
நித்திரை வருகுதோ? சாப்பிடுறியளோ? பயமிருக்கோ?
வருகுது, ஓம், இல்லை.
மூன்று பெட்டியிலும் அடையாளம் போட்டாள்,
அச்சுப்போல எழுத்து.
அவள் எழுதியதிலும் பொய்யில்லை
நான் சொன்னதிலும் பொய்யில்லை.
மூன்று வருடம் கழித்து
கிளிநொச்சியில் வங்கி வரிசையில் நிற்கையில்
என் வலது கை நடுங்கத் தொடங்கியது.
அன்றைக்கு எவரும் படிவம் கொண்டுவரவில்லை.

அமலதாசுக்கு இதைச் சொல்லவில்லை.
கிரைண்டர் சத்தத்தில் கேட்டுமிராது.
இம்முறை குச்சிகளை அடுப்பில் உலர்த்தினான்,
தகட்டைத் தொடமுடியாதபடி காய்ச்சிவிட்டு ஒட்டினான்.
இரவு ஒன்பது நாற்பது.
பழைய நேரத்தை அழிக்காமல் பக்கத்தில் எழுதினேன்.

சனி இரவு, வெள்ளை.
ஞாயிறு விடிய முன்னம்
கலனுக்குச் சூட்டுப் பாய் சுற்றி, கம்பளி போர்த்தி,
ஜெனரேற்றரை உறுமவிட்டோம்.
மணிக்கு நூறு பாகை, அதற்குமேல் ஏறவிடவில்லை.
அறுநூற்று இருபதில் இரண்டு மணித்தியாலம்
பதிகருவியின் ஊசி
எறும்பு போல நேராய் நடந்தது.

கனகேந்திரம் பிளேன்ரீ கொண்டுவந்தார்,
நால்வருக்கு மூன்று கோப்பை.
"முடிஞ்சுதோ?"
ஆறவேணும்.
"ஆறினா?"
திரும்பப் பாக்கவேணும். சூடும் சிலவேளை பிளக்கும்.
கோப்பையைக் கீழே வைத்தார்.
"நீங்கள் ஒண்டையுமே நம்பமாட்டியளோ?"

நம்புவன்,
நேரம் எழுதி வைச்சு.

ஊசி இறங்கத் தொடங்கியிருந்தது.
அமலதாஸ் சோக்குக் கட்டியைத் தேடினான்.