தடைக்காலம்

சம்பளத்துக்காக நான் எடுக்கும் படங்களில்
ஒரு ஸ்கேல் இருக்கும்.
முப்பது சென்டிமீட்டர், மஞ்சள் நிறம்.
நசுங்கிய கன்டெய்னருக்குப் பக்கத்தில்,
கடல்நீர் குடித்து வீங்கிய
துவரம்பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில்.
மூலையில் தேதி. நிழல் கூடாது.
சேதம் நடுவில் வர வேண்டும்.
இன்சூரன்ஸ்காரர்களுக்கு
அழகைப் பற்றி ஒரு கருத்தும் கிடையாது.
அதில் ஒரு நிம்மதி எனக்கு.

சம்பளமில்லாத படங்களுக்கு
ஞாயிறு விடியுமுன் காசிமேடு போவேன்.
கல்மண்டபத்தில் இறங்கி
நடந்து போய்ச் சேர்வதற்குள்
லென்ஸ் துடைத்த துணி கறுத்துவிடும்,
ராத்திரியெல்லாம் வரிசையில் நின்ற
டிரெய்லர் லாரிகளின் மூச்சு.
ஏலக் கூடத்தில் வெளிச்சம்
மேலிருந்து வராது.
ஈரத் தரையிலிருந்து வரும்,
ஐஸ் பெட்டியிலிருந்து,
கவிழ்த்துக் கொட்டிய காணாங்கெளுத்தியின்
முதுகிலிருந்து.
அதற்காகத்தான் போனேன் எட்டு மாதம்.

தேசராணியை அப்படித்தான் பிடித்தேன்.
ஐஸ் அள்ளும் கை.
முழங்கை வரை ஏறிய செதில்கள்.
ரூபாய்த் தாளை எண்ணும்போது
உதட்டுக்கும் விரலுக்கும் இடையே உள்ள ஈரம்.
நல்ல படங்கள்தான்.
பெரம்பூரில் ஒரு ஹாலில் மாட்டினோம்,
வந்தவர்கள் பின்னால் நகர்ந்து நின்று
தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

ஒருநாள் அவளே கேட்டாள்,
"இன்னாமே புட்ச்ச? காட்டு."
காட்டினேன்.
ஒன்று, இரண்டு, பதினேழு.
கத்தி முனையால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.
"இதுல நான் எங்க கீறேன்?"

கோபமாய்க் கேட்கவில்லை.
எடைக்கல்லைத் தேடுகிறவள் மாதிரி கேட்டாள்.

படம் எடுக்கிறோம் என்கிறோம்.
பாம்பும் எடுக்கிறது.
பிடிக்கிறோம் என்றும் சொல்கிறோம்,
மீனுக்குச் சொல்வது போலவே.
இரண்டிலும்
எதிரில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டு
ஆரம்பிப்பதில்லை.

ஏப்ரல் பாதியில்
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசி நின்றன.
மீன் முட்டையிட அறுபத்தொரு நாள்.
நானும் கேமராவைக் கழற்றி
அரிசி டப்பாவின் பக்கத்தில் வைத்தேன்.
கண் எதையாவது முட்டையிடுமா தெரியவில்லை,
வைத்துப் பார்க்கலாம் என்றுதான்.
ஆபீஸ் கேமரா மட்டும் போய் வந்தது,
சேதம், ஸ்கேல், தேதி,
சேதம், ஸ்கேல், தேதி.

மே மாதம் ஒரு படம் திரும்பி வந்தது.
கிழிந்த கோதுமை மூட்டை,
கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்.
கூடவே ஒரு வரி:
'மனிதப் பாகம் தெரிகிறது. மீண்டும் எடுக்கவும்.'

பெரிதாக்கினேன்.
ஓரத்தில் ஒரு கால் கட்டைவிரல்.
மூட்டை புரட்டுகிறவருடையது.
நகம் பாதி கறுத்து, பாதி இல்லாமல்.
ஸ்கேல் அதற்கு நேராகக் கிடந்ததால்
அளவும் சொல்லலாம்,
ஏழரையில் தொடங்கிப் பத்தரை வரை.

அந்த நேரம் நான்
வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழகு பார்க்கவே இல்லை.
எட்டு மாதம் குனிந்தும் படுத்தும்
துரத்திய ஒன்று
கூப்பிடாமல் வந்து
விரலை மட்டும் உள்ளே வைத்திருக்கிறது.

மறுபடி எடுத்து அனுப்பினேன், விரல் இல்லாமல்.
முதல் படத்தை அழிக்கவில்லை.
அது நல்ல படமா என்று
இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.
ஹாலில் மாட்ட மாட்டேன்.
அவர் பெயரைக் கேட்கப் போனபோது
அந்த கேங் மணலிப் பக்கம்
மாறிப் போயிருந்தது.

ஜூன் கடைசி ஞாயிறு.
படகுகள் திரும்பியிருந்தன.
கூடம் முழுக்கச் சங்கரா,
சிவப்பு சிவப்பாய், வாய் திறந்து.
தேசராணி தராசில் குனிந்திருந்தாள்.
கேமரா பைக்குள் இருந்தது.
இந்தத் தடவை முதலில் கேட்க வேண்டும் என்று
பஸ்ஸில் ஒரு வாக்கியம் தயாரித்திருந்தேன்.
வாயைத் திறந்தேன்.

அவள் நிமிராமலே சொன்னாள்:
"வெளிச்சத்த மறைக்காத,
நவுரு மே."